தெற்கே நகர்ந்த விளக்கு

"அண்ணே, மூணே நாள்தான். வெள்ளி ராத்திரி ஃப்ளைட், திங்க ராத்திரி திரும்பணும். சென்னைல என்ன பாக்கலாம்? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க."

வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. இந்தக் கேள்விக்கு மலேசியத் தமிழர்கள் யாரிடம் போனாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். மெரினா, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், சாந்தோம் தேவாலயம், ஒரு முழு நாள் மகாபலிபுரம், மிச்ச நேரமெல்லாம் தி. நகர். இந்தப் பட்டியலில் தப்பில்லை. நானும் இதில் உள்ள எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன், தி. நகரில் கால் வீங்க நடந்தும் இருக்கிறேன். ஆனால் இந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். அத்தனையும் கூவம் ஆற்றுக்குத் தெற்கே விழும். அந்த ஊர் மதராஸ் என்ற பெயரோடு வளர்ந்ததும், துறைமுகம் எழுந்ததும், நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கப்பல் ஏறியதும் கூவத்துக்கு வடக்கே. சுற்றுலாப் பட்டியல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

அதனால் தம்பிக்கு வேறு மாதிரி ஒரு திட்டம் போட்டேன். அந்த ஊருக்கு இதுவரை நான்கு கலங்கரை விளக்கங்கள் இருந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகத் தேடிப் போனாலே ஊரின் கதை பாதி தெரிந்துவிடும்.

முதல் விளக்கு கோட்டைக்குள் இருந்தது. இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடத்தின் மாடியில் 1796-இல் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை காலை சரியாக வரும். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் இருக்கிறது. வாசலில் பரிசோதனை உண்டு, கடப்பிதழை மறக்காதீர்கள்.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணல் திட்டை வாங்கியபோது இங்கே துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. குடாவோ தீவோ மறைவாக எதுவும் இல்லாத திறந்த கடல். கடல் வாணிகம் செய்ய வந்தவர்கள் இதைவிட மோசமான இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வர மசூலா படகுதான். பலகைகளை இரும்பு ஆணி இல்லாமல் தேங்காய் நாரால் தைத்த படகு அது. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் சிதறிவிடும். ஆக, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, கவர்னர் துரையே ஆனாலும் மீனவர் கையை நம்பித்தான் கரையேற வேண்டும். பாதி அலையில் படகை நிறுத்தி அவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டதாக வெள்ளைக்காரர்கள் புலம்பியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சின்ன சந்தோஷம். வேற எங்கதான் கேக்க முடியும் அவங்களால?

கோட்டையிலிருந்து நடந்தே உயர் நீதிமன்ற வளாகத்துக்கு வந்துவிடலாம். இரண்டாவதும் மூன்றாவதும் இங்கேதான். 1844-இல் கட்டிய கல்தூண் ஒன்று தனியாக நிற்கும். அது இரண்டாவது. 1894-இல் விளக்கை நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்துக்கே மாற்றினார்கள். நீதியும் வெளிச்சமும் ஒரே கூரையில் என்று யாராவது கவிதை எழுதியிருப்பார்கள், நாம் அதைத் தாண்டிப் போவோம். இந்த வளாகம் இருக்கும் மண்தான் முக்கியம். உள்ளூர்த் தமிழர்களும் தெலுங்கர்களும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இங்கேதான் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்து 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு கோட்டை மதிலுக்கு எதிரே எதிரி ஒளிய இடம் இருக்கக்கூடாது என்று மிச்சமிருந்த வீடுகளையும் கோயிலையும் இடித்து வெட்டவெளியாக்கினார்கள். மக்கள் இன்னும் வடக்கே தள்ளப்பட்டார்கள். அந்தப் புதிய குடியிருப்புக்கும் கறுப்பர் நகரம் என்றே பெயர். 1906-இல், இளவரசர் ஜார்ஜ் வந்து போன கையோடு, ஜார்ஜ் டவுன் என்று மாற்றினார்கள்.

பினாங்குக்காரர்கள் இங்கே புருவம் உயர்த்தலாம். நம்ம ஜார்ஜ் டவுன் மூத்தது. அது மூன்றாம் ஜார்ஜ் பெயரில் 1786-இலேயே வந்தது. ஆனால் இரண்டு ஊரிலும் ஓர் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. சிங்கப்பூரிலும் ஒன்று. வங்கக் கடல் முழுக்க வியாபாரம் செய்த ஒரு சின்ன சமூகம் மூன்று துறைமுகத்திலும் தெருப் பெயரை விட்டுவிட்டு மறைந்துவிட்டது. சென்னையில் அவர்களுடைய தேவாலயம் பூட்டாமல் இருந்தால் உள்ளே போய்க் கொஞ்சம் உட்காருங்கள்.

நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் கரைக்கு அருகில் வந்து விளக்கைப் போட்டு, அரைமணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. நகரத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று ஒரு கதை இன்றும் பெருமையாகச் சுற்றுகிறது. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக வரலாறு ஆகிவிடாது.

அதற்கு அடுத்த மாதம், அக்டோபர் 28 விடியற்காலை, அதே எம்டன் ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. நங்கூரமிட்டிருந்த 'செம்சுக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். திரும்பும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் முடித்தது. ரஷ்ய மாலுமிகளுக்கான நினைவுக்கல் பினாங்கு வெஸ்டர்ன் சாலைக் கல்லறையில் இருக்கிறது. எம்டனின் துணைக் கப்பலில் பிடிபட்டவர்களைச் சிங்கப்பூர் தங்ளின் முகாமில் அடைத்தார்கள். 1915 பிப்ரவரியில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது முதலில் போய்த் திறந்துவிட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. "அவன் பெரிய எம்டன்டா" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூன்று ஊரை இணைக்கும் ஒரு சொல் அது. சென்னைக்குப் போய் இந்தச் சுவரைப் பார்க்காமல் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுவருக்கு எதிரே சாலையைத் தாண்டினால் துறைமுகம். உள்ளே விடமாட்டார்கள்.

இதுதான் இந்தத் திட்டத்தின் நடு இடம், இதைத்தான் பார்க்க முடியாது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைபோல நீளும் கற்சுவர்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் புயல் வந்து சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். கிழக்கு வாயிலில் மணல் அடைந்தது. பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் அதை மூடி வடகிழக்கில் வாயில் வைத்தார்கள். அந்த ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான் 1912-இல் ராமானுஜன் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து இங்கிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அவர் போனது எல்லோருக்கும் தெரியும்.

நம்மவர்கள் போனதற்குப் பாடப்புத்தகம் இல்லை. 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி வந்தபின், கங்காணி கூட்டிவரும் ஆட்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சேர்த்து, சோதித்து, கணக்கெழுதி, மலாயாவுக்கு அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதைத் தடுத்தது. சொந்தச் செலவில் வருவதும் போவதும் நிற்கவில்லை. 1926-இல் கட்டிய 'ரஜுலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் என்றால் அறை கிடையாது, பாய் விரித்த இடம்தான் இடம். அடுத்து வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீப்பிடித்ததோடு இந்தக் கடல்வழியே முடிந்தது. "ரஜுலாவுல வந்தோம்" என்று பாட்டி சொல்லும்போது அது ஏதோ ஊர்ப் பெயர் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

சென்னைக்குப் போகும் மலேசியத் தமிழர்கள் 'வேரைத் தேடி' என்று சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள். பெரும்பாலானோருடைய முன்னோர்கள் மயிலாப்பூர்க் கோபுரத்தைப் பார்த்ததே இல்லை. சேலத்திலிருந்தோ வட ஆற்காட்டிலிருந்தோ ரயிலில் வந்து, முகாமில் நாட்களைக் கழித்து, நேரே கப்பல் ஏறியவர்கள். அவர்கள் பார்த்த சென்னை இந்த மதில், இந்த வாயில், இந்தக் கூட்டம்தான். உள்ளே விடாவிட்டாலும் வெளியே பத்து நிமிஷம் நில்லுங்கள்.

பசிக்குமே? அங்கேயே பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கையில் ஒன்றுமில்லாமல் இதே துறைமுகத்தில் இறங்கிய தமிழர்களுக்காக நடைபாதையில் உருவான கடைவீதி. பக்கத்துத் தெருவில் அத்தோ கிடைக்கும். கையால் பிசைந்த நூடல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப். நமக்கு நேர்ந்திருக்கக்கூடிய இன்னொரு கதை அந்தத் தட்டில் இருக்கிறது. கொஞ்சம் காரம் கம்மியா கேளுங்க.

மாலையில் இராயபுரம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நிலையம் இன்னும் நிற்கிறது. அதற்கு மேல் கடற்கரைச் சாலையில் வடக்கே ஆட்டோவில் போனால் கடற்கரையே இருக்காது. கருங்கல் பாறைகள்தான், அவற்றில் அலை மோதும். ஏன் என்று கேட்டால், துறைமுகம். அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கில் தேங்கியது, வடக்கில் வரத்து நின்றது. கடல் தனக்கு வேண்டிய மணலை இராயபுரத்துக் கரையிலிருந்து எடுத்துக்கொண்டது. மீனவர் குப்பங்கள் தெருத்தெருவாகக் கரைந்தன.

தெற்கில் தேங்கிய மணலுக்கு மெரினா என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போகலாம். கவர்னர் கிரான்ட் டஃப் 1884-இல் நடைபாதை போட்டு அந்தப் பெயரை வைத்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கரையோரமாகக் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம். அதன் வாசலிலிருந்து அலையைத் தொட இன்று மணலில் நல்ல நடை நடக்க வேண்டும். அந்த மணல் பெரும்பாலும் துறைமுகம் வந்தபின் சேர்ந்தது. கூட்டம் கூட ஓர் இடம் கிடைத்ததும் அரசியல் அங்கே வந்தது. 1923-இல் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை சிங்காரவேலர் இந்தக் கடற்கரையில்தான் நடத்தினார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சாலையோரம் நிற்கும் வள்ளுவர், ஔவையார், பாரதி சிலைகள் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்தவை. அது இரண்டாவது மாநாடு. முதலாவது 1966-இல் நம்ம கோலாலம்பூரில். அங்குள்ள நண்பர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

நான்காவது விளக்கு இங்கே. 1977-இல் கட்டியது, மின்தூக்கி உண்டு, திங்கட்கிழமை மூடியிருக்கும். மேலே நின்றால் எல்லோரும் மெரினாவைப் படமெடுப்பார்கள். நீங்கள் வடக்கே பாருங்கள், துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அங்கிருந்து மயிலாப்பூர் பக்கம்தான். கோயில் மதியம் நடை சாத்திவிடும், நான்கு மணிக்கு மேல் போங்கள். கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை தி. நகர். வேறென்ன, அம்மா சேலைப் பட்டியல் கொடுத்து அனுப்பியிருப்பார்களே.

தம்பி கடைசியாக ஒன்று கேட்டார். "அண்ணே, எங்க தாத்தா நாகப்பட்டினத்துலதான் கப்பல் ஏறுனாராம். அதையும் சேத்துக்கலாமா?" மூன்று நாளில் முடியாது. சென்னையிலிருந்து ராத்திரி ரயில் பிடித்துப் போகிற தூரம். அதற்குத் தனியாக ஒரு லீவு போடணும் என்றேன். தீபாவளிக்குப் பிறகு மழை, புயல் இரண்டும் உண்டு. பிப்ரவரியில் போகச் சொல்லியிருக்கிறேன்.