நீலம் காய்ச்சிய பாக்டீரியா

திருப்பூரில் டி-ஷர்ட் வாங்கினால் 'பயோ வாஷ் போட்டதுங்க' என்று சொல்லித் தருவார்கள். துணியின் மேல் நிற்கும் பிசிறை செல்லுலேஸ் என்ற நொதி தின்றுவிடும், அதனால்தான் அந்த வழவழப்பு. இந்த நொதியைத் தரும் டிரைக்கோடெர்மா பூஞ்சை, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கித்தான் துணிகளை அரித்து மாட்டிக்கொண்ட ஆசாமி. ஆனால் அது இயற்கையாக இருந்த நொதி. நான் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்தது அடுத்த படியை: ஒரு நுண்ணுயிர் தானாகச் செய்யாத பொருளை அதைச் செய்ய வைப்பது.

இதிலும் சாயம்தான் முன்னால் வருகிறது. அவுரிச் செடியை ஊறவைத்து, அடித்து நீலம் எடுத்தது நம்மூர்ப் பழைய தொழில். 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்க ஆரம்பித்ததும் அவுரி படுத்துவிட்டது.

1983-ல் அமெரிக்காவில் ஆம்ஜென் நிறுவனத்தின் பர்ட் என்ஸ்லியும் சகாக்களும் அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனைத் தின்னும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் மரபணுக்களை எடுத்து ஈ.கோலைக்குள் வைத்தார்கள். நீலம் தயாரிப்பது அவங்க திட்டமே இல்லை. ஆனா தட்டில் வளர்ந்தது நீல நிறம்! ஈ.கோலை தன் டிரிப்டோபனை உடைத்து இண்டோல் செய்யும். புது நொதி அந்த இண்டோலில் ஆக்சிஜனைச் சேர்த்தது. மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது. தனித்தனியா எழுதின ரெண்டு மாட்யூலை இணைத்ததும் யாரும் எழுதாத அவுட்புட் வருமே, அதேதான். (இண்டோல் என்ற பெயரே இண்டிகோவிலிருந்து வந்தது.)

பிறகு ஜெனென்கார் நிறுவனம் இதைத் தொழிலாக்கப் பார்த்தது. ஐசாட்டின் என்ற துணைப்பொருளால் துணியில் சிவப்பு தட்டியது. அதை உடைக்க இன்னொரு நொதியையும் சேர்த்தார்கள். கடைசியில் விலையில்தான் தோற்றது, ரசாயன நீலம் அவ்வளவு மலிவு.

2021-ல் கலிஃபோர்னியாவில் ஹார்ட்விக், முகோபாத்யாய் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். நொதியின் நடுவே இரும்பு இருக்கும் இடத்தில் இரிடியம் வைத்து, அதை உயிருள்ள ஈ.கோலைக்குள்ளேயே வேலை செய்ய வைத்தார்கள். எலுமிச்சைத் தோலின் வாசனைப் பொருளான லிமோனீனை அதே செல் தயாரிக்க, இந்தச் செயற்கை நொதி அதை இயற்கையில் இல்லாத மூலக்கூறாக மாற்றியது.

இதெல்லாம் நொய்யலுக்கு என்ன செய்யும்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குக் காரணம் ஆற்றில் கலந்த கழிவுநீர். நிறம் கண்ணுக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயலைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், உப்புப் போட்டால்தான் சாயம் ஒட்டும். எனவே சாயத்தை பாக்டீரியாவில் காய்ச்சினாலும் பட்டறைத் தொட்டியில் உப்பு குறையாது. உப்பே இல்லாமல் பருத்தியைப் பிடிக்கும் புது மூலக்கூறு வேணும். இரிடியம் நொதிக்காரர்களிடம் யாராவது இதைக் கேட்டால் தேவலை.