மலாய் நாட்டின் முதற் புகைவண்டிப் பாதை

மலாய் நாட்டில் முதன்முதல் புகைவண்டி ஓடிய இடம் எது என்று நம்மவரைக் கேட்டால் பெரும்பாலோர் கோலாலம்பூர் என்றே விடை பகர்வர். அது சரியன்று. பேராக்கின் தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை அமைந்த எட்டு மைல் பாதையே இந்நாட்டின் முதற் பாதையாகும். 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி அது திறக்கப்பட்டது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் வண்டி ஓடியது மறு ஆண்டிலேதான்.

மக்களின் பிரயாண சௌகரியத்தை எண்ணி இப்பாதை போடப்படவில்லை. லாரூட் வட்டாரத்தில் ஈயம் ஏராளமாகக் கிடைத்தது. அதனை யானைமீதும் மாட்டு வண்டியிலும் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் பொருளும் காலமும் விரயமாயின. ஆகவே, ஸர் ஹியூ லோ பேராக் ரெசிடெண்டாயிருந்த நாளில் இவ்வேலை தொடங்கப்பெற்றது. கோலா செபத்தாங் என்ற கழிமுக ஊர், கவர்னர் ஸர் பிரெடெரிக் வெல்டின் பெயரைத் தாங்கிப் போர்ட் வெல்ட் ஆயிற்று.

பாதையைப் போட்டவர் யாவர்? இலங்கையில் சாலை போடுவதில் பழகிய பயனியர் படைப் பிரிவுகள் இதற்கெனத் தருவிக்கப்பட்டன. அப்படையிற் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். காண்டாமரக் காட்டுச் சேற்றில் மண் கொட்டிக் கரை உயர்த்தித் தண்டவாளம் பதித்தவர் அவர்களே. தமிழர் ரப்பருக்காகவே இந்நாட்டிற்கு வந்தனர் என்று தோட்டத்து இளைஞர் பலர் எண்ணியிருக்கின்றனர். ரப்பர்த் தோட்டங்கள் தோன்றியதோ இதற்குச் சுமார் பத்து ஆண்டுகட்குப் பிறகு! (கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு வந்தவர் கதை வேறு.)

தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு ஒன்று தெரியும். ஒருவன் பெயர் செக்ரோலில் ஏறாவிடின் அவனுக்குக் கூலி இல்லை. ஆதலின், அந்தப் பயனியர்களுக்கும் ஒரு பெயர்ப் புத்தகம் இருந்தே இருக்கவேண்டும். ஆனால் ஆங்கிலப் பள்ளியில் நாம் வாசித்த சரித்திரத்திலோ லோவும் வெல்டும் இருந்தனர். மண் சுமந்தவரெல்லாம் ‘லேபர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போயினர். கவர்னர் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சையில் மார்க்கு வாங்கிய நாமும், அம்மக்களின் ஊர் எது, பேர் எது என்று அந்நாளில் கேட்டோமில்லை. இலங்கையிலும் பேராக்கிலும் உள்ள பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டித் தேடுவது நம் சங்கங்கள் செய்யத்தக்க வேலை. ஆண்டு விழாவிற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி போதும்.

போர்ட் வெல்டின் சீர் நெடுநாள் நீடிக்கவில்லை. 1901-இல் மாநில ரயில்வேக்கள் ஒன்றாக்கப்பட்டன. 1903-இல் சிரம்பானிலிருந்து பிறை வரை தொடர்ப் பாதை ஏற்பட்டதும், சரக்கு பினாங்குப் பக்கம் திரும்பிவிட்டது. பெருங்கப்பல் நுழைய முடியாத கழிமுகத்தை நாடுவார் குறைந்தனர்.

தைப்பிங்கின் முதல் நிலையம் இருந்த இடத்தில் இன்று ஏழாம் எட்வர்ட் அரசர் பள்ளி நிற்கிறது. போர்ட் வெல்ட் தன் பழம் பெயரான கோலா செபத்தாங்கிற்கே திரும்பிவிட்டது. அங்கே தண்டவாளம் இல்லை. டிக்கட்டு கொடுத்த சிறு அறையும் நிலையத்தின் பெயர்ப் பலகையும் எஞ்சியுள்ளன. பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழெழுத்திலும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.