மூடிய கல்லூரியின் மூடாத சங்கம்

அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் கல்விக்கென அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்னும் ஊரில் 1867இல் தோன்றியது ஸ்டோரர் கல்லூரி. நைஜீரியாவின் முதற் குடியரசுத் தலைவர் அசிக்கிவே அங்குப் பயின்றவர். அடிமைமுறையை ஒழிக்க 1859இல் படை திரட்டிய ஜான் பிரௌன் இறுதியாக நின்று போரிட்ட கட்டடத்தைக் கல்லூரி 1909இல் விலைக்கு வாங்கித் தன் வளாகத்தில் நிறுவிக்கொண்டது. 1918இல் பழைய மாணவர்கள் அதன் சுவரில் நினைவுப் பலகை பதித்தனர்.

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. நாமும் போற்றும் தீர்ப்புதான். ஆனால் அதனையடுத்து மாநில அரசு நிதியை நிறுத்தவே, 1955இல் கல்லூரி மூடப்பட்டது. புதியவர் சேர வழியற்ற சங்கம் ஆண்டுதோறும் சுருங்கும் என்பதை அறிந்தும், பழைய மாணவர்கள் பல்லாண்டுகள் அவ்வூரிலேயே வந்து கூடினர்.

இளைஞர்களே, நம் விடுதியில் பயின்று சென்றோருள் எத்தனை பேருடைய முகவரி நம் பதிவேட்டில் உள்ளது?