தாகூரின் துயரும் இரு கலைகளும்

உரியவரை இழந்தோர் ஆற்றாது பாடுவதைக் கையறுநிலை என்று தமிழ் இலக்கணம் வகுத்தது. அத்தகைய துயரைப் பாட்டிலும் ஓவியத்திலும் வைத்துச் சென்றவர் வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் (1861–1941). அவர் வாழ்வை இழப்புகளின் வழியே நோக்கினால், இவ்விரு கலைகளும் துயருக்கு ஆற்றிய பணி வேறு வேறு என்பது புலப்படும்.

1875இல் அன்னையை இழந்த சிறுவருக்குத் தோழமையும் பரிவும் தந்தவர் அண்ணன் ஜோதிரிந்திரநாதரின் மனைவி காதம்பரி தேவி. அவருடைய இளமைக் கவிதைகளை முதலில் கேட்டு மதிப்பிட்டவரும் அவ்வம்மையாரே. 1884 ஏப்ரலில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்விழப்பே மரணத்தோடு தமக்கு நிலையான அறிமுகம் ஏற்படுத்தியது என்று கவிஞர் தம் வாழ்க்கை நினைவுகளில் பதிந்துள்ளார்.

இழப்புகள் தொடர்ந்தன. 1902 நவம்பர் 23இல் மனைவி மிருணாளினி தேவி மறைந்தார். ‘ஸ்மரண்’ என்னும் கவிதைத் தொகுதி அவர் நினைவில் எழுந்தது. 1903இல் மகள் ரேணுகாவும், 1905இல் தந்தை தேவேந்திரநாதரும் பிரிந்தனர். 1907இல், அன்னை மறைந்த அதே நவம்பர் 23இல், இளைய மகன் சமீந்திரன் முங்கேரில் வாந்திபேதிக்கு இரையானான்.

1910இல் வெளிவந்த வங்காள ‘கீதாஞ்சலி’ இவ்விழப்புகளை ஒட்டிய ஆண்டுகளில் உருவானது. ஆயினும் மகன் பெயரை அதில் தேடினால் கிடைக்காது. தனி மனிதரின் புலம்பல் அங்கே இறைவனை நோக்கிய வேண்டுதலாக உருமாறிவிட்டது. பாடுவோர் எவரும் தம் துயரை அதில் ஏற்றிப் பாட முடிவது அதனாலேயே.

எனினும் பாட்டால் துயர் தீர்ந்துவிடவில்லை. 1932இல் மகள் மீராவின் ஒரே மகன் நிதீந்திரன் ஜெர்மனியில் இறந்தபோது, மீராவைத் தேற்ற எழுதிய கடிதத்தில் கவிஞர் சமீந்திரனை நினைவுகூர்ந்தார். மகனை இழந்தபின் இரயிலில் திரும்பிய இரவில், உலகில் எதுவுமே குறையாததுபோல் வானம் நிலவொளியில் நிறைந்திருந்ததாம். இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அவ்விரவு மங்கவில்லை.

தூரிகை அவர் கைக்கு வந்தது முதுமையில். 1924இல் ‘பூரபி’ கவிதைகளின் கையெழுத்துப்படியில், அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து விந்தை உருவங்களாக்கினார். 1930 மே மாதம் பாரிசில் அவருடைய ஓவியங்களின் முதற் கண்காட்சி நிகழ்ந்தது. இறுதிவரை வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் நீண்ட முகமும் நிழல் படிந்த பெரிய விழிகளும் கொண்ட பெண்கள் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். அவ்விழிகளில் காதம்பரி தேவியைக் காண்போர் உளர். ஓவியரோ தம் படங்களுக்குப் பெரும்பாலும் பெயரே இடவில்லை.

சொல்லுக்குக் குறைவில்லாத கவிஞர் இங்கு மட்டும் சொல்லை விலக்கினார் என்பது எண்ணத்தக்கது. பாட்டு அவர் துயரைப் பிறர்க்கும் உரியதாக்கி ஆறுதலுக்கு வழி கண்டது. ஓவியமோ ஆறுதல் எதுவும் கூறவில்லை. ஆறாத துயரை ஆறாததாகவே நம்முன் நிறுத்துகிறது. துன்புற்ற மனத்துக்கு இவ்விரண்டும் தேவை என்பதையே அவர் வாழ்வு உணர்த்துகிறது.