திண்ணைத் தோழர்களும் மதீனாவின் அண்டை வீட்டாரும்



வீடற்றவருக்கு நிழல் கொடுப்பது யாருடைய கடமை? அரசாங்கத்தினுடையதா? ஊரிலுள்ள தனவந்தர்களுடையதா? பள்ளிவாசல் நிர்வாகத்தினுடையதா? இக்கேள்விக்கான விடையை மதீனாவில் இருந்த ஒரு திண்ணையிடம் கேட்டுப் பார்ப்போம்.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபோது முஹாஜிர்கள் வீட்டையும் வியாபாரத்தையும் உறவினரையும் மக்காவிலே விட்டுவிட்டு வந்தனர். நபி (ஸல்) அவர்கள் அன்ஸார்களையும் முஹாஜிர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். எனினும் பின்னர் பல திசைகளிலிருந்தும் தனியாக வந்து சேர்ந்தோருக்கு அங்கே வீடும் இருக்கவில்லை, உறவும் இருக்கவில்லை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவை நோக்கி மாற்றப்பட்டது. அதனால் மஸ்ஜிதுந் நபவியின் வடக்குப் பகுதி பின்புறமாயிற்று. ஈச்சோலை வேய்ந்த அந்த நிழலிடம் வீடற்றோருக்கென ஒதுக்கப்பட்டது. அதுவே ‘ஸுஃப்பா’, அதாவது திண்ணை. அங்கு தங்கியோர் ‘அஹ்லுஸ் ஸுஃப்பா’ எனப்பட்டனர்.

அவர்களின் தொகை ஒரே அளவில் இருக்கவில்லை. திருமணம் முடித்தோர் வெளியேறினர், புதியவர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் எழுபது பேரைத் தாம் கண்டதாகவும், அவர்களில் ஒருவரிடமேனும் மேலாடை இருக்கவில்லை என்றும் அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களும் அத்திண்ணையில் வாழ்ந்தவரே.

இத்தனை பேருக்கும் உணவளிப்பது ஒரு வீட்டால் இயலக்கூடிய காரியமன்று. எனவே நபி (ஸல்) அவர்கள் அப்பொறுப்பை அண்டை வீட்டார் அனைவருக்கும் பங்கிட்டார்கள். இருவருக்கான உணவு வைத்திருப்பவர் மூன்றாமவர் ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். நால்வருக்கான உணவு வைத்திருப்பவர் ஐந்தாமவரையோ ஆறாமவரையோ அழைத்துச் செல்ல வேண்டும் என ஏற்பாடு செய்தார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் மூவரை அழைத்துச் சென்றார்கள். நபியவர்களோ பத்துப் பேரைத் தம்முடன் கூட்டிச் சென்றார்கள். கட்டளையிட்டவரே மிகப் பெரிய பங்கையும் சுமந்தார் என்பதைக் கவனியுங்கள்.

உணவோடு அவ்வேற்பாடு முடிந்துவிடவில்லை. உபாதா இப்னு ஸாமித் (ரழி) அவர்கள் திண்ணைவாசிகளுக்கு அல்குர்ஆனையும் எழுத்தையும் கற்பித்தார்கள். பிற்காலத்தில் நபிமொழிகளை மிக அதிகமாக அறிவித்தவராகத் திகழ்ந்த அபூஹுரைரா (ரழி) அவர்கள் அத்திண்ணை நமக்குத் தந்த செல்வம்.

இளைஞர்களே! ‘குர்ராக்கள்’ என அழைக்கப்பட்ட அன்ஸாரிகள் எழுபது பேரைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும். அவர்கள் இரவில் அல்குர்ஆனை ஓதிக் கற்றனர். பகலில் தண்ணீர் சுமந்து வந்து பள்ளிவாசலில் வைத்தனர். விறகு வெட்டி விற்று, அப்பணத்தில் திண்ணைவாசிகளுக்கும் ஏழைகளுக்கும் உணவு வாங்கினர். ஹிஜ்ரி 4இல் (கி.பி. 625) பிஃரு மஊனாவில் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட ஷுஹதாக்கள் இவர்களே. அவர்களது கல்வி விறகுச் சுமையைத் தூக்குவதற்குத் தடையாக இருக்கவில்லை.

இப்போது நம்மை உறுத்த வேண்டிய ஒரு நிகழ்வுக்கு வருவோம். பேரீச்சந் தோட்டமுடைய அன்ஸார்கள் அறுவடைக் காலத்தில் பழக்குலைகளைக் கொண்டு வந்து, பள்ளிவாசலின் தூண்களுக்கிடையே கட்டப்பட்ட கயிற்றில் தொங்கவிடுவர். பசித்தவர் தம் கைத்தடியால் தட்டி, விழும் பழங்களை உண்பார். ஆனால் சிலர் சொத்தையானதும் முறிந்ததுமான குலைகளைக் கொண்டு வந்து தொங்கவிட்டனர். அப்போதுதான் ஸூரதுல் பகராவின் 267ஆம் வசனம் அருளப்பட்டது. தமக்குத் தரப்பட்டால் முகஞ்சுளித்தே ஏற்கக்கூடிய ஒன்றைப் பிறருக்குத் தேடிக் கொடுக்க வேண்டாமென அது கண்டித்தது. அதன் பின் நல்லதையே கொண்டு வரலானோம் என்று இதனை அறிவிப்பவர் பராஃ இப்னு ஆஸிப் (ரழி). அவரும் ஓர் அன்ஸாரி. தம் சமூகத்தின் குறையை அவர் மறைக்கவில்லை.

அதே தொடரில் வரும் 273ஆம் வசனம், கேட்கக் கூசுவதால் செல்வந்தர் போலத் தோன்றும் ஏழைகளை அடையாளங் காணச் சொல்கிறது. முஸ்லிமல்லாத உறவினருக்கு உதவச் சிலர் தயங்கியபோது இறங்கியதாக அறிவிக்கப்படும் 272ஆம் வசனம் அத்தயக்கத்தை நீக்குகிறது. கொடுப்பதன் தரம், பெறுபவரின் தன்மானம், மதம் பாராமை ஆகிய மூன்று ஒழுங்குகளும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன.

இவ்வரலாறு நம் நாட்டிலும் ஒருமுறை சோதனைக்குள்ளானது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து மக்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்திறங்கினர். புத்தளம் மாவட்டத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தம் வீடுகளையும் திறந்துவிட்டனர்; தென்னந் தோட்டங்களில் கிடுகுக் குடிசைகள் எழ இடமளித்தனர். அதனை அன்ஸாரிகளின் பண்பு என்று சொல்வதில் தவறில்லை.

ஆயினும் ஆண்டுகள் நீண்டன. கிணற்று நீருக்கும் பாடசாலை இடத்துக்கும் கூலி வேலைக்கும் நெருக்கடி ஏற்பட்டது. விருந்தளித்தவர்களும் ஏழைகளே என்பதை மறந்து அவர்களை மட்டும் குறைகூறுவது நீதியன்று. எனினும் அவ்வூரிலேயே பிறந்த பிள்ளையைக்கூட ‘அகதி’ என்று அழைக்கும் வழக்கம் எங்கே வேர்விட்டதோ, அங்கே கயிற்றில் சொத்தைக் குலை தொங்கியது. 2009இல் போர் முடிவுற்றது. சிலர் மீளத் திரும்பினர், பலர் புத்தளத்திலேயே நிலைத்தனர். குடிசை மாறிக் கல்வீடு வந்த பின்னும் அந்தச் சொல் சிலரது நெஞ்சில் தங்கியிருக்கிறது.

பெற்றோரே! உங்கள் மஹல்லாவிலும் வீடிழந்தவர், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர், வாடகை கொடுக்க இயலாமல் வெளியேற்றப்பட்ட விதவை இருக்கக்கூடும். அவர்களுக்கென ஒரு தங்குமிடம் அமையுமானால், அதன் சுவருக்கு அப்பால் வசிக்கும் நீங்களே அதன் முதற் பொறுப்பாளர்கள். ஜமாஅத்தார் கூடி ஒரு குழு அமையுங்கள். எந்த வீடு எந்த நாளில் உணவளிப்பது, எந்த வாலிபர் மருந்து வாங்கி வருவது, எந்த ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று பங்கிட்டுக் கொள்ளுங்கள். அங்கு தங்கியிருப்போரிலிருந்தும் ஓரிருவரை அக்குழுவில் சேருங்கள். திண்ணைவாசிகளை அழைத்துவரும் பொறுப்பை நபி (ஸல்) அவர்கள் திண்ணைவாசியான அபூஹுரைராவிடமே ஒப்படைத்தார்கள் அல்லவா?

அடுத்த முறை ஒரு பொதியை நன்கொடையாகக் கட்டும்போது, அதனுள் இருப்பதை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.

நல்லதைக் கொடுக்கும் கரங்களையும், மனம் நோகச் செய்யாத நாவுகளையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.