விசைப்பலகை வழியே இணையம்: ஒரு சிறு வரலாறு

விசைப்பலகைக் குறுக்குவழிகளை நேரம் மிச்சப்படுத்தும் உத்தியாகவே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். கண்ட்ரோல்+எல் முகவரிப் பட்டைக்கு இட்டுச் செல்லும். கண்ட்ரோல்+எஃப் பக்கத்தில் சொல் தேடித்தரும். ஆல்ட்டுடன் இடது அம்புக்குறி முந்தைய பக்கத்துக்கு மீட்கும். ஆயினும் 'குறுக்குவழி' என்னும் பெயர் வரலாற்றைத் தலைகீழாக்குகிறது. கணினியை இயக்குவதில் விசைப்பலகையே மூத்த வழி. சுட்டெலி பின்னர் வந்தது.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் சுட்டெலியை அவையோர்க்குக் காட்டியபோது, அவருடைய வலக்கை அதன்மீது இருந்தது. இடக்கைக்கோ ஐந்து விசைகள் கொண்ட தனிப் பலகை ஒன்று இருந்தது. இரு கைகளும் சேர்ந்து இயங்குவதே அவரது திட்டம். 1984இல் வந்த முதல் மெக்கின்டோஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே இல்லை. பயனரைச் சுட்டெலிக்குப் பழக்க ஆப்பிள் கண்ட வழி அது. மாறாக, 1987இல் ஐபிஎம் வகுத்த பொதுப் பயனர் அணுகல் விதிகள், விசைகளுக்கும் உரிய இடம் அளித்தன. இன்றும் நாம் சாளரத்தை மூடப் பயன்படுத்தும் ஆல்ட்+எஃப்4 அவ்விதிகளின் எச்சமே.

இணைய உலாவியிலும் இக்கதை திரும்ப நிகழ்ந்தது. 1992இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லின்க்ஸ், எழுத்துகளை மட்டும் காட்டிய உலாவி. மேல், கீழ் அம்புக்குறிகள் இணைப்புக்கு இணைப்பு தாவும். வலப்புறம் அழுத்தினால் உள்ளே செல்லும். இடப்புறம் அழுத்தினால் திரும்பும். மறு ஆண்டே மொசைக் படங்களுடன் வந்தது. உலகம் சுட்டெலியின் பின்னே சென்றது.

அவ்வாறு செல்ல இயலாதோர் இருந்தனர். திரையைக் காண இயலாதவர்க்குச் சுட்டுமுள் எங்கிருக்கிறது என்பதே தெரியாது. விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கப் பொறியாளர் டெட் ஹென்டர், 1989இல் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டார். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ, அதே வசதியை இலவசமாக்கியது. எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு. கே விசைக்கு அடுத்த இணைப்பு. எஃப் விசைக்கு அடுத்த படிவப் புலம். நாம் கண்ணால் பக்கத்தை மேய்வதை அவர்கள் விரலாலும் செவியாலும் செய்கின்றனர்.

இவ்வரலாற்றில் பெங்களூருவுக்கும் பங்குண்டு. 1999இல் இங்கே தொடங்கப்பட்ட எனேபிள் இந்தியா, பார்வையற்றோர்க்குக் கணினிப் பயிற்சி அளித்து வேலைக்கு ஆயத்தப்படுத்தியது. இந்நகரின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம், என்விடிஏயுடன் இயங்கும் இ-ஸ்பீக் குரலை இந்திய மொழிகளில் செம்மைப்படுத்தும் பணியில் ஈடுபட்டது. ஜீவனஹள்ளி போன்ற, தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதிகளில் அதன் பொருள் தெளிவு: விசை இருந்தும், தன் மொழியில் குரல் இல்லையேல் வழி பாதியில் நின்றுவிடும்.

வழி நிற்பதற்கு இன்னொரு காரணம், பக்கத்தை எழுதுவோரின் கவனக்குறைவு. தலைப்பைத் தலைப்பெனக் குறிக்காமல் எழுத்தைத் தடித்துப் பெரிதாக்கி மட்டும் விட்டால், எச் விசை அதைக் கண்டுகொள்ளாது. சுட்டெலிச் சொடுக்குக்கு மட்டும் செவிசாய்க்கும் பொத்தானை டேப் விசை எட்டாது. மின்கட்டணம் செலுத்தும் படிவத்தில் அத்தகைய ஒரே ஒரு பொத்தான் போதும், ஒருவர் அண்டை வீட்டாரை அழைத்துத் தம் வங்கி விவரங்களை ஒப்படைக்க நேரும்.

2008இன் உலகளாவிய அணுகல் நெறிமுறைகள், பக்கத்தின் செயல்கள் அனைத்தும் விசைப்பலகையால் இயலவேண்டும் என்பதை அடிப்படை விதியாக்கின. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணுச் சேவைகள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில், எண்ணிம அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த கூறு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தளம் நடத்தும் நண்பர்கள், சுட்டெலியைக் கழற்றிவைத்து, டேப், என்டர், அம்புக்குறி ஆகியவற்றை மட்டும் கொண்டு உங்கள் பக்கத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ, அங்கேதான் பிறரும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.