பழைய மோட்டார் சைக்கிளும் பழகிய கையும்

1885ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியின் கான்ஸ்டாட் நகரிலிருந்து ஒரு விசித்திர வாகனம் புறப்பட்டது. அதன் சட்டம் மரத்தாலானது, சில்லுகளும் மரத்தாலானவை. சரிந்து விழாதபடி தாங்குவதற்கு இருபுறமும் இரண்டு சிறு சில்லுகள் இருந்தன. ஆசனத்தின் கீழே அரைக் குதிரை வலுவுள்ள பெற்றோல் இயந்திரம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதனை ஆக்கியோர் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் ஆவர். ஓட்டிச் சென்றவர் டைம்லரின் மகன் போல். வழியில் இயந்திரத்தின் வெப்பத்தால் ஆசனமே தீப்பற்றிற்று என்பர். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வது இவ்வாகனத்தையே.

அந்த முதல் வாகனம் இன்று இல்லை. 1903ஆம் ஆண்டில் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் மூண்ட பெருந்தீயில் அது எரிந்தொழிந்தது. நூதனசாலைகளில் இன்று காட்சியளிப்பன அதன் பிரதிகளே. புதியது வந்ததும் பழையதைக் கழித்துவிடுவது இயந்திர உலகின் இயல்பு. அந்த இயல்புக்கு மாறாக, கழிக்கப்பட்டவற்றைத் தேடியெடுத்து, செப்பனிட்டு, மீண்டும் வீதியில் ஓடவிட்ட ஒரு கூட்டத்தாரின் வரலாறே இங்கு கருதத்தக்கது.

முதல் உலக யுத்தத்துக்கு முன்னர் எழுந்த மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்குக் கியர் மாற்றும் வசதி இல்லை. இயந்திரத்தையும் பின் சில்லையும் நேரே இணைத்தது ஒரு பட்டி மாத்திரமே. வண்டி நின்றால் இயந்திரமும் நின்றுவிடும். ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, இயந்திரம் முழங்கியதும் தாவி ஏறல் வேண்டும். மழை பெய்தால் பட்டி வழுக்கும். எண்ணெய் தானாகச் சுற்றுவதில்லை. சில மைலுக்கு ஒருமுறை கைப்பம்பினால் அதனைச் செலுத்துதல் வேண்டும். குறைந்தால் இயந்திரம் இறுகிவிடும். கூடினால் வீதியெங்கும் புகை சூழும். இரவுப் பயணத்துக்குக் காபைட் விளக்கே துணை. ஆகவே, அக்காலத்தில் வண்டி ஓட்டுதல் என்பது இயந்திரத்தின் ஓசையைக் காதால் அளந்து, கையால் திருத்திக்கொண்டே செல்லும் ஒரு கலையாக இருந்தது.

இக்கலை மறைந்துவிடும் என்ற கவலை இங்கிலாந்தில் எழுந்தது. 1930ஆம் ஆண்டில் சன்பீம் மோட்டார் சைக்கிள் கழகத்தார், 1915ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளுக்கென ஓர் ஓட்டத்தை ஒழுங்கு செய்தனர். இலண்டனின் அயலிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை முன்னோடி வண்டிகள் ஓடிய அந்த நிகழ்ச்சி ஒரு மரபாகவே வளர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது ஆபத்து இன்னும் பெரிதாயிற்று. யுத்தத் தேவைக்காகப் பழைய இரும்பு வீடுவீடாகச் சேகரிக்கப்பட்டது. கொட்டகைகளிற் கிடந்த வண்டிகள் பலவும் உலைக்குப் போயின. யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946 ஏப்ரல் மாதத்தில், டிட்ச் அலன் என்று அழைக்கப்பட்ட சி. ஈ. அலனின் முயற்சியால் பழைய மோட்டார் சைக்கிள் கழகம் தோன்றிற்று. அப்பொழுது பெற்றோல் பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது. 1950ஆம் ஆண்டு வரை அந்நிலை நீடித்தது. ஆயினும், வண்டிகளைக் காட்சிப் பொருளாக அடைத்து வையாமல் ஓட்ட வேண்டும் என்பதே கழகத்தாரின் கொள்கையாயிற்று. 1930ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிகளையே அவர்கள் முதலில் ஏற்றனர்.

ஓட்டுவதற்கு முன்னர் செப்பனிட வேண்டும். அதற்கு உறுப்புக்கள் வேண்டும். செய்த தொழிற்சாலையோ பல வேளைகளில் மூடப்பட்டுவிட்டது. எனவே கழகத்தார் பழைய வரைபடங்களையும் தொழிற்சாலைப் பதிவேடுகளையும் திரட்டினர். எந்த எண்ணுடைய வண்டி எந்த நாளில் வெளியேறியது என்பதை அவற்றைக் கொண்டு உறுதிசெய்தனர். கிடைக்காத உறுப்பைக் கடைசல் இயந்திரத்திற் கையாலேயே கடைந்தெடுத்தனர்.

இந்த உறுப்புப் பஞ்சத்துக்கு வியத்தகு விலக்கு ஒன்று தமிழகத்தில் உண்டு. 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றோயல் என்பீல்ட் நிறுவனத்தார் சென்னையில் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடக்கினர். சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ அதே பழைய அமைப்பு தொடர்ந்து வார்க்கப்பட்டது. 1977ஆம் ஆண்டில் அந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. தாய்நாட்டில் மறைந்த கைத்தொழில் வேறொரு நாட்டுத் தொழிலாளரின் கையில் உயிர் வாழ்ந்தது.

2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பேர்மிங்ஹாம் நகருக்கு அருகேயுள்ள தேசிய மோட்டார் சைக்கிள் நூதனசாலையிற் பெருந்தீ மூண்டது. கான்ஸ்டாட் தீக்குப் பின் சரியாக நூறு ஆண்டுகள் சென்றிருந்தன. ஏறத்தாழ 380 வண்டிகள் எரிந்தன. அலுமினியப் பகுதிகள் உருகி ஓடின. எஃகுச் சட்டங்கள் முறுகிக் கிடந்தன. ஆனால் இம்முறை கதை அத்துடன் முடியவில்லை. தேர்ந்த கம்மியர் அவ்வெலும்புக்கூடுகளைப் பிரித்து, உருகியவற்றைப் புதிதாக வார்த்து, ஒவ்வொன்றாக மீட்டெடுக்கலாயினர். 2004 டிசெம்பரில் நூதனசாலை மீண்டும் திறக்கப்பட்டது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. உறுப்பின் பெரும்பகுதி புதியதானால், அது பழைய வண்டியாகுமா? அன்பர்களிடையே இவ்விடயத்தில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. துருவும் தேய்வும் வண்டியின் வாழ்க்கைக் குறிப்பு. அவற்றை அழித்துப் புது வர்ணம் பூசுவது வரலாற்றைத் துடைப்பதாகும் என்பார் ஒரு சாரார். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் பொலிவே உண்மையான உரு என்பார் மற்றொரு சாரார்.

கோயில் தேர் இதற்கு ஒருவாறு விடை தரும். அச்சு முறிந்தால் அச்சை மாற்றுவர். சில்லுத் தேய்ந்தால் புதுச் சில்லுச் செய்வர். மூன்று தலைமுறை கழிந்த பின் பழைய மரம் எவ்வளவு எஞ்சியிருக்கும்? ஆயினும் ஊரார் அதனைத் தங்கள் பாட்டன் இழுத்த தேர் என்றே சொல்வர். ஏனெனில், மரத்தைச் செதுக்கும் முறையும் வடத்தைப் பிடிக்கும் முறையும் கைமாறி வந்துள்ளன. ஆண்டுதோறும் தேர் வீதிவலம் வருவதாலேயே அந்த அறிவு நிலைக்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கும் இது பொருந்தும். உலோகம் எரியலாம், அதனை மீண்டும் வார்த்துவிடலாம். எண்ணெய்ப் பம்பை எப்போது அழுத்துவது, இயந்திரத்தின் எந்த முனகல் எந்த நோயைக் குறிக்கும் என்னும் அறிவு அழிந்தால், அதனை வார்த்தெடுக்க உலை இல்லை. முதியவர் ஒருவர் இளைஞனைப் பக்கத்தில் நிறுத்தி, பழைய வண்டியைத் தள்ளி ஓடச்செய்து, அது முழங்கும் கணத்தில் தாவி ஏறக் கற்பிக்கும்போதே அவ்வறிவு காக்கப்படுகின்றது.